முதல் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எதை எடுப்பது?

நான் முதலில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் எட்டு அட்டைப் பெட்டிகளோடு வந்தது. பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், மீதியெல்லாம் பெட்டிக்குள். “எல்லாம் இருக்கு, கோத்தா போதும்” என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை, எல்லாமே இருந்தன. ஆனால் பிரித்தவர் அவர், கோக்க வேண்டியவன் நான். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. அது மட்டும் பெட்டியில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வண்டியை இன்னொருவர் தலையில் கட்டியபோது பெட்டிகள் பதினொன்று ஆகியிருந்தன.

அதனால் யாராவது வந்து “எம்ஜிபி எடுக்கலாமா, ஸ்பிட்ஃபயர் எடுக்கலாமா, எம்எக்ஸ்-5 எடுக்கலாமா” என்று கேட்டால், “பார்த்து வைத்திருக்கும் வண்டி ஓடுகிறதா?” என்றுதான் திருப்பிக் கேட்பேன். மாடல் அப்புறம்.

சந்தைக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் மூன்று நிலையில் இருக்கும். ஒன்று, ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது, முழுசாக இருக்கும், ஆனால் பல வருடமாகக் கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது, என்னுடையது மாதிரி பெட்டிகளில் வரும். வாங்கும் விலை இந்த வரிசையிலேயே இறங்கும். முடிக்கும்போது ஆகும் மொத்தச் செலவோ பெரும்பாலும் இதே வரிசையில் ஏறும். பெட்டி வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், ஒருவர் ஏற்கெனவே தோற்றுப்போன இடத்திலிருந்து அது தொடங்குகிறது.

ஓடும் வண்டியில் புதியவருக்கு இரண்டு லாபம். எது நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்பதை வண்டியே சொல்லும். மூன்றாவது கியர் போடும்போது கறமுற என்கிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறதா என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். அடுத்தது, மனசு சம்பந்தப்பட்டது. இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் கார்புரேட்டர், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரி என்று போனால் ஆசை வற்றாது. மொத்தமாகப் பிரித்துப் போட்ட வண்டியை வருடக்கணக்கில் வெறித்துப் பார்ப்பது வேறு அனுபவம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பிரித்த கார் முழு கார் பிடிக்கும் இடத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இடத்தைப் பிடிக்கும். ஷெட்டின் அளவைப் பார்க்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

தூங்கும் வண்டி நடுத்தரம். பாகங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் மோசமில்லை. ஆனால் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். அப்புறம் எஞ்சினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம், இன்னும் ஊறட்டும். டேங்க்கில் இருப்பது பெட்ரோல் மாதிரி இருக்காது, வார்னிஷ் நாற்றம் அடிக்கும். அதை முழுக்க இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அத்தனை வருடம் நின்றிருந்தால் உள்ளே பிரேக் சிலிண்டர்கள் துருவேறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஓரத்தில் டாட் என்ற குறியோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம். அங்கே மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் டயர் 2000-க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

இந்த மூன்று நிலைக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, துரு. புதியவர்கள் எஞ்சினைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பாடியைப் பார்த்து. எஞ்சின் ஓவர்ஹால் என்பது எல்லை தெரிந்த வேலை. கழற்றலாம், அளக்கலாம், தேய்ந்ததை மாற்றலாம், இயந்திரப் பட்டறைக்கு அனுப்பலாம். எத்தனை பாகம், எவ்வளவு செலவு என்று பட்டியல் போட முடியும். துருவுக்கு அந்தப் பட்டியல் கிடையாது. பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும், சுரண்டினால் ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சு வரும், பட்டியை எடுத்தால் ஓட்டை வரும், ஓட்டையைச் சுற்றி வெட்டினால் அதற்குப் பின்னால் இருக்கும் தகடு காகிதம் மாதிரி மடங்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இப்போது மாடலுக்கு வருவோம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்த வண்டி. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1798 சிசி எஞ்சின், அதில் பெரும்பாலும் எஸ்யூ நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டர். நுணுக்கமான எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, ஒரு சின்ன ஸ்பேனர் செட்டோடு பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். பாகங்கள் கிடைப்பதில் இதை மிஞ்சப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆள் குறைவு. பழைய அச்சுக் கருவிகளையே தேடிப் பிடித்து 1988 முதல் புதிய பாடி ஷெல்லே அடித்து விற்றிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது மோனோகாக் வண்டி. தனி சேஸி கிடையாது, பாடிதான் முதுகெலும்பு. திறந்த மாடலில் கூரையும் இல்லாததால் பாரம் முழுவதும் கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பாகத்தில் விழுகிறது. சில் என்பார்கள். வெளித் தகடு, உள் தகடு, நடுவே இன்னொன்று என்று பல அடுக்கு. ஈரம் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. உள்ளிருந்து தின்றுகொண்டே வரும், வெளியே பளபளவென்று இருக்கும். சிலர் அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் அடித்து விற்றுவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கதவைச் சாத்திவிட்டு, வண்டியின் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் மெல்லத் தூக்குங்கள். கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத் தூக்க இடைவெளி குறுகினாலோ, அதன்பின் கதவைத் திறக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ, வண்டி நடுவில் மடிகிறது என்று அர்த்தம். ஜாக்கியை இறக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சில் மாற்றவே முடியாதா? முடியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டிங் அடித்து முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். முட்டுக் கொடுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டினால் அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் பழகுவதற்குத் தகரத் துண்டுகள் இருக்கின்றன. வண்டியின் முதுகெலும்பில் முதல் தையல் போட வேண்டாம்.

எம்ஜிபியில் இன்னும் இரண்டு விஷயம். 1967-க்கு முந்தைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், நாம் பழகியதற்குத் தலைகீழ். தெரியாமல் ரேடியோவையோ வேறு எதையோ மாட்டினால் புகைதான் வரும். அடுத்தது கிளட்ச். ஒரு கிளட்ச் தட்டு மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். சங்கிலி, கப்பி, இடம், கூட ஓர் ஆள் எல்லாம் வேண்டும்.

ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே 1962-இல் தொடங்கி அதே 1980-இல் முடிந்த வண்டிதான். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிகெலோட்டி வரைந்தது. ஆனால் கட்டிய விதம் வேறு. ஹெரால்ட் என்ற குடும்ப காரின் சேஸியைச் சுருக்கி, அதன்மேல் பாடியை உட்கார வைத்தார்கள். தனி சேஸி இருப்பதால் பாடி கொஞ்சம் அழுகினாலும் வண்டி நடுவில் உட்கார்ந்துவிடாது. சில்லுக்கு வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். இதிலும் விறைப்பில் நல்ல பங்கு சில்லுடையது. ஆனாலும் எம்ஜிபி அளவுக்கு மன்னிக்காத வண்டியில்லை இது.

புதியவர் கண்ணுக்கு ஸ்பிட்ஃபயரின் அழகு அதன் பானெட்தான். மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாய்ந்து திறக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம், நிஜமாகவே உட்காரலாம். முன் சஸ்பென்ஷன் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கியர்பாக்ஸைச் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்தே எடுத்துவிடலாம். எம்ஜிபியில் எஞ்சினைத் தூக்கிச் செய்கிற கிளட்ச் வேலையை இதில் எஞ்சினைத் தொடாமல் முடிக்கலாம். இடுப்பு வலி இருக்கும் என் போன்றவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறை இல்லாமலில்லை. எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. தேய்ந்தால் கழன்று கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே தின்ன ஆரம்பிக்கும். சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து போனால் பேரத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள், அல்லது அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். அதற்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். பல வருடமாகக் கிரீஸ் திணித்தோ, எதுவுமே போடாமலோ ஓட்டிய வண்டியில் அது தேய்ந்து ஒடிந்தால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. 1970-க்கு முந்தைய மாடல்களில் பின் சக்கரங்கள் வளைவில் திடீரென்று உள்வாங்கும் பழக்கம் உண்டு. மார்க் 4-லிருந்து பின் ஸ்பிரிங்கை மாற்றி அதை வெகுவாகக் குறைத்தார்கள். முதல் வண்டிக்கு மார்க் 4 அல்லது அதற்குப் பின் வந்த 1500 மாடல் நல்லது.

எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் என்ற இந்த இரண்டு பிரிட்டிஷ் வண்டிகளுக்கும் பொதுவாக ஒன்று: சிலிண்டர்களை மேலிருந்து மூடும், பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்து இரும்பு ஹெட். ஈயமில்லாத பெட்ரோலில் வேகமாக, நிறைய ஓட்டினால் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேயும். முன்னவர் கடினமான வால்வு சீட் மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் பதற வேண்டாம், என்றாவது ஹெட்டைக் கழற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

சரி, மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டா என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும். 1989-இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது, முதல் தலைமுறை 1997 வரை. ரோட்ஸ்டர் எனப்படும் பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் குணத்தை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆயில் ஒழுக்கையும் வயரிங் தொல்லையையும் விட்டுவிட்ட வண்டி. முதலில் 1597 சிசி, பிறகு 1839 சிசி எஞ்சின். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1.6 எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. மறதிக்காரப் புதியவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேண்டுமா?

துரு இதிலும் உண்டு, ஆனால் முகவரி தெரிந்த துரு. மடக்கும் கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரு மூலையிலும் இருக்கும் சிறு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் இறங்கி, பின் சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் அரிக்கும். முழங்காலிட்டுக் குனிந்து அந்த ஓர் அடியைத் தட்டிப் பாருங்கள். டங் என்றால் இரும்பு, டொக் என்றால் பட்டி. ஆரம்ப கால 1.6 எஞ்சின்களில் கிராங்க்கின் முன் முனை குட்டையாக இருந்து புல்லி ஆட்டம் காணும் நோய் உண்டு. எஞ்சினை ஓடவிட்டுப் புல்லி நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எம்எக்ஸ்-5 மேல் எனக்கிருக்கும் ஒரே புகார், கற்றுக்கொள்ள அவ்வளவு இருக்காது என்பதுதான். ரப்பர், புஷ், பிரேக், கூரைத் துணி, பெயின்ட் என்று முடிந்துவிடும். பழைய கார் ஓட்ட வேண்டும் என்பவருக்கு அது வரம். இரவெல்லாம் கையில் கரியோடு உட்கார வேண்டும் என்பவருக்குச் சப்பென்று இருக்கும்.

போர்ஷ 944 ஆசை காட்டும் வண்டி. 1982 முதல் 1991 வரை வந்தது. துத்தநாகம் பூசிய பாடி என்பதால் நாம் இவ்வளவு நேரம் பயந்த துரு இதில் குறைவு. போர்ஷ என்ற பெயரும் உண்டு, சில நேரம் எம்ஜிபி விலைக்கே கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்பதற்குப் பதில் எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கிறது. டைமிங் பெல்ட் ஒன்று, எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கான பெல்ட் ஒன்று. இரண்டும் வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டதாக இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பட்டறைக்குப் போகும். பெல்ட்டின் இறுக்கத்தைச் சரியாக வைப்பதே ஒரு தனிக் கலை. இதில் கிளட்ச் மாற்றுவது இன்னும் பெரிய கதை. கியர்பாக்ஸ் பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. சைலன்சரை இறக்கி, கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீளக் குழாயைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச் கண்ணில் படும். ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துத் தரையில் மல்லாந்து செய்கிற வேலையல்ல. பெல்ட் மாற்றிய ரசீது கையில் கொடுத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாட்சன் 240இசட், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காகவே வாங்கத் தோன்றும் வண்டிதான். பேட்டரிக்கு அடியில், தரையில், முன் கண்ணாடிக்குக் கீழே என்று அழுகுவதற்குப் பேர்போனது. நல்ல பாடி கிடைப்பது அரிது, கிடைத்தால் புதியவர் கைக்கு வராது. ஃபைபர் பாடி என்றால் துருத் தொல்லை இல்லையே என்று அறுபதுகளின் லோட்டஸ் எலான் பக்கம் திரும்புகிறவர்களும் உண்டு. பாடி ஃபைபர்தான், அடியில் இருக்கும் முதுகெலும்பு இரும்பு. மேலெழும்பும் ஹெட்லைட்டுக்கு வேண்டிய வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டியாக அந்த சேஸியின் முன் குறுக்குச் சட்டத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே துரு ஓட்டை போட்டால் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. துருவைக் கண்டுபிடிக்க இப்படி ஒரு கருவியை வண்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை.

ஆக, வெல்டிங் தெரியாது, அடுத்த மாதமே ஓட்ட வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5. பிரித்துக் கோத்துக் கற்க வேண்டும் என்றால் ஸ்பிட்ஃபயர், 1970-க்குப் பிந்தையது, சேஸி சுத்தமானது. எம்ஜிபி, சில் ஏற்கெனவே ஒழுங்காக மாற்றப்பட்டு அதற்குப் படங்களும் இருந்தால் மட்டும். அப்படி ஒன்று கிடைத்தால் ஸ்பிட்ஃபயரையும் தள்ளி வைப்பேன், ஏனென்றால் நீண்ட தூரம் ஓட்ட எம்ஜிபி சொகுசு. எந்த மாடலானாலும் ஓடும் வண்டி. துருப்பிடித்த ஓடும் வண்டியா, பாடி சுத்தமாக இருந்து எஞ்சின் இறுகிப்போன வண்டியா என்ற நிலை வந்தால் மட்டும் என் விதியை நானே மீறுவேன். இறுகிய எஞ்சினைத்தான் எடுப்பேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் பாகங்கள் பயமுறுத்தும், ஆனால் பணத்தைத் தின்பது குரோம் பூச்சு, பெயின்ட், சீட் துணி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர். இவை நம் கையால் ஆகாதவை, வெளியே கொடுத்தாக வேண்டும். பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் நேரத்தில் பாதியை, கதவுக் கைப்பிடி முதல் பம்பர் முனைவரை எதெது இல்லை என்று எழுதுவதற்குக் கொடுங்கள். சும்மா கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சும்மா கொடுக்கிற காரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போகும்போது பையில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் கீறாது. இரும்பில் ஒட்டும், தடிமனான பட்டி மேல் நழுவும். டார்ச், பழைய பாய், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். கேஜில் நான்கு சிலிண்டரும் எத்தனை காட்டுகிறது என்பதைவிட நான்கும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டுகிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் எங்கோ உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு வந்த வண்டிக்கு அடியில், ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வைத்து, ஆட்டிப் பார்த்து, அப்புறம் நுழையுங்கள். பழைய பிரேக்கிலும் கிளட்ச்சிலும் இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். காலியான பெட்ரோல் டேங்க்கில் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது, காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து, சின்னப் பையில் போட்டு, பையின் மேல் இடத்தின் பெயரை எழுதிவிடுங்கள். “இடது கதவு, மேல் கீல், 3 போல்ட்” என்று. என் ஷெட்டில் இப்போது நிற்பது ஸ்பிட்ஃபயர் 1500. கதவை இன்னும் இரண்டு தடவை அடித்தால்தான் சாத்திக்கொள்கிறது, ஆனால் பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதிலும் பாதி காலி.